குற்றச்சாட்டிலிருந்து பயிற்சிக்கு: உளநோயுற்ற இளைஞரும் வீட்டார் பேச்சும்

பதினைந்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட பருவத்தில் வரும் நோய்களுள் வீட்டாரை மிகுதியும் நிலைகுலையச் செய்வது உளப்பிறழ்வு எனலாம். நேற்றுவரை பள்ளிக்குச் சென்றும் ஆடு மேய்த்தும் வந்த மகன், இன்று யாருக்கும் கேளாத குரலுக்கு விடை சொல்லுகிறான். உடன்பிறந்தவள் சோற்றில் நஞ்சு கலந்துவிட்டாள் என்கிறான். அல்லது ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பார்த்துக் கிடக்கிறான். மருத்துவர் இதனை உளப்பிறழ்வு என்பர். இது நீடித்து நிலைபெறும் வகைகளுள் ஒன்றை மனச்சிதைவு என்பர். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சூழ்ந்த சிற்றூர்களில் 'காத்து பட்டுடுச்சு' என்பர். பெயர் எதுவாயினும், அன்றிரவே அவ்வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது: இவனிடம் என்ன பேசுவது?

இக்கேள்விக்கு விடை உண்டு என்பதும், அவ்விடையை எழுத்தறியாத தாய்தந்தையருக்கும் கற்பிக்கக் கூடும் என்பதும் கடந்த எழுபது ஆண்டுகளில் படிப்படியாக அறியப்பட்டவை. அந்த வரலாற்றை நம் குருமாரும் இறையியல் மாணவரும் அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில், மலையூர்களில் அவ்வீட்டுப் படியை முதலில் மிதிப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். முதலில் வருபவர் மந்திரிப்பவர். அடுத்து வருபவர், சபையைச் சேர்ந்த வீடாயின், போதகர்.

வீட்டார் பேச்சுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு மேல்நாட்டு மருத்துவத்தில் முதன்முதல் பேசப்பட்டபோது அது ஒரு குற்றச்சாட்டாகவே பேசப்பட்டது. 1948-இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்னும் மருத்துவ அம்மையார், மனச்சிதைவை விளைவிக்கும் தாய் என ஒருவகைத் தாயைக் குறித்து எழுதினார். அன்பு காட்டாது ஆளுகை மட்டும் செய்யும் தாயிடம் வளர்ந்த பிள்ளைக்கு இந்நோய் வரும் என்பது அவர் கருத்தின் சாரம். 1956-இல் கிரெகரி பேட்சன் என்பவரும் அவர்தம் தோழரும், வாயால் ஒன்றும் முகத்தால் வேறொன்றும் சொல்லும் பேச்சில் ஓயாது சிக்குண்ட பிள்ளை, எதனை நம்புவது என்றறியாது நோய்க்கு உள்ளாகிறான் என்றனர். இக்கொள்கைகள் மேற்கே ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் செல்வாக்குப் பெற்றிருந்தன. மருத்துவமனை வாயிலில் நின்ற தாய்மார் பலர், தம் பிள்ளைக்கு நோய் வந்தது தம்மாலேயே என்னும் தீர்ப்பைச் சுமந்துகொண்டு வீடு திரும்பினர். பின்னர் நடந்த ஆய்வுகள் இத்தீர்ப்பை ஆதரிக்கவில்லை. பிறப்பு வழியாக வரும் பாங்கு, மூளையின் வளர்ச்சி, வாழ்க்கை இடர்கள் எனப் பல காரணங்கள் ஒன்றுகூடியே நோய் தோன்றுகிறது என்பதே இன்றைய அறிவு.

இக்கொள்கைகளைப் படிக்குந்தோறும் யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரமே நம் நினைவுக்கு வருகிறது. பிறவிக் குருடனைக் கண்ட சீடர், பாவம் செய்தவன் இவனோ இவனைப் பெற்றவரோ என்று ஆண்டவரைக் கேட்டனர். இருபதாம் நூற்றாண்டின் மருத்துவம் அதே வினாவை வேறு சொற்களில் கேட்டது. நம் சபைகளிலோ அவ்வினா இன்றும் பழைய சொற்களிலேயே கேட்கப்பட்டு வருகிறது. முன்னோர் சாபம், வீட்டில் மறைந்துள்ள விக்கிரகம், தாயின் விசுவாசக் குறைவு என்று விடையும் கூறப்படுகிறது. ஆண்டவர் இருபக்கக் குற்றச்சாட்டையும் மறுத்த பின்னும் அதனை மேடையிலிருந்து புதுப்பிப்பது நமக்குத் தகாது.

மேற்கே பெற்றோர் இவ்வாறு வெளியே நிறுத்தப்பட்டிருந்த அதே ஆண்டுகளில் நம் நாட்டில் நடந்தது வேறு. அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் பொறுப்பை 1950-களில் வகித்த டாக்டர் வித்யா சாகர், நோயாளியின் உறவினர் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் இட்டுத் தங்கச் செய்தார். உறவினர் நோயாளிக்கு உணவூட்டினர், மருந்து கொடுத்தனர், நோயின் இயல்பை மருத்துவரிடம் கேட்டறிந்தனர், பிற குடும்பத்தாருடன் பேசினர். நோயாளி தேறி வீடு திரும்பியபோது அவ்வூருக்கு ஒரு புதிய அறிவும் உடன் சென்றது. மெதடிஸ்டு அருட்பணியாளர் ஸ்டான்லி ஜோன்ஸ் 1950-இல் இலட்சுமணபுரியில் நூர் மன்சில் என்னும் உளமருத்துவ நிலையத்தை நிறுவினார். கனடா நாட்டு அருட்பணி மருத்துவரான ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் 1950-களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் உளமருத்துவப் பணியைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததே பாகாயத்து மனநல நிலையம். அங்கே சேர்க்கப்படும் நோயாளியோடு வீட்டார் ஒருவர் உடன் தங்குதல் தொடக்க முதலே முறையாயிருந்தது. 1960-களில் அம்முறை பற்றிய கட்டுரைகள் வேலூரிலிருந்து இந்திய இதழ்களிலும் அமெரிக்க இதழ்களிலும் வெளிவந்தன. பெங்களூரிலும் பின்னர் குடும்பத்தோடு தங்கும் பிரிவு அமைந்தது.

இதனைக் கூறுமிடத்துச் சிறிது எச்சரிக்கையும் வேண்டும். குடும்பத்தை உள்ளே அழைத்ததற்கு நம் பண்பாட்டின் மேன்மை மட்டுமே காரணம் எனப் பெருமை பேசுவோர் உண்டு. செவிலியர் பற்றாக்குறையும் பணப் பற்றாக்குறையும் அதற்குக் காரணங்களாயிருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. வறுமை சில வேளைகளில் செல்வம் கற்பிக்காத பாடத்தைக் கற்பிக்கிறது. ஆனால் உடனிருத்தல் வேறு, உரையாடத் தெரிதல் வேறு. வேலூரில் தாய் மகனோடு தங்கினாள். அவள் அவனிடம் பேசும் பேச்சு நோயை எவ்வாறு பாதிக்கிறது என்பதை அளந்து காட்டிய ஆய்வு வேறோரிடத்திலிருந்து வந்தது.

இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்னும் சமூகவியலார் 1950-களில் ஒரு விந்தையைக் கண்டார். மருத்துவமனையிலிருந்து தேறிச் சென்ற ஆடவருள், பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர், விடுதியறைகளில் தங்கியவரைவிட மிகுதியாக மீண்டும் நோயுற்றனர். வீடு நோயாளிக்குத் தீங்கு செய்கிறதா? பிரவுன் பெற்றோரைக் குற்றவாளிகளாக்காமல், வீட்டில் நிகழும் பேச்சை உற்றுக் கேட்கும் ஒரு முறையை வகுத்தார். உறவினரோடு நெடுநேரம் பேசி, நோயாளியைப் பற்றி அவர் கூறும் குறைமொழிகளை எண்ணினார்; குரலில் ஒலிக்கும் பகையையும், கண்ணீரும் கவலையுமாய் நோயாளியை மூச்சுத் திணறச் செய்யும் மிகைப் பற்றையும் குறித்துக்கொண்டார்; கனிவையும் குறித்துக்கொண்டார். 1972-இல் அவரும் அவர் தோழரும் 101 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். குறைமொழியும் பகையும் மிகைப் பற்றும் மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவருள் நூற்றுக்கு 58 பேர் ஒன்பது மாதங்களுக்குள் மீண்டும் நோயுற்றனர். அவை குறைந்த வீடுகளிலோ நூற்றுக்கு 16 பேரே. பேச்சு நோயை உண்டாக்குவதில்லை. ஆயினும் வந்த நோய் தணிவதிலும் மீள்வதிலும் அதற்குப் பங்கு உண்டு என்பது இதனால் விளங்கிற்று.

இம்முறை இந்தியாவிற்கும் வந்தது. பேராசிரியர் விக் என்பாரும் ஜூலியன் லெஃப் என்பாரும் பிறரும் சண்டிகரிலும் டென்மார்க்கு நாட்டு ஆர்ஹூஸ் நகரிலும் குடும்பங்களை ஒப்பிட்டு 1987-இல் முடிவுகளை வெளியிட்டனர். 1860-களிலேயே தென்னார்க்காட்டில் பணி தொடங்கியவர் டேனிஷ் மிஷனரிமார் என்பதையும், அவர்தம் உழைப்பிலிருந்து ஆற்காடு லுத்தரன் திருச்சபை எழுந்தது என்பதையும் அறிந்த நம் வாசகர்க்கு இந்த ஒப்பீடு சற்றே சுவையூட்டும். சண்டிகர்க் குடும்பங்களுள் உணர்ச்சி மிகுந்த பேச்சுடையவை கால்பங்கிற்கும் குறைவே. ஆர்ஹூஸிலும் இலண்டனிலும் ஏறத்தாழப் பாதி. சண்டிகரைச் சுற்றிய சிற்றூர்க் குடும்பங்கள் நகரத்தாரைவிடவும் பொறுமையுடையவாய்க் காணப்பட்டன. எனினும், பகைமை குடிகொண்ட வீட்டில் நோய் மீளுதல் இங்கும் மிகுதியாகவே இருந்தது. சிற்றூரின் பொறுமையை நாம் மிகைப்படுத்தலாகாது. வேலை நிறைந்த வீட்டில் எவரும் நோயுற்றவனிடம் பேசாமலிருப்பது பொறுமைபோல் தோன்றலாம்; அது கைவிடுதலாகவும் இருக்கலாம். யோபுவின் நண்பர் ஏழு நாள் தரையில் உடன் அமர்ந்து வாய் திறவாதிருந்த காலமே அவர்தம் பணியில் சிறந்த காலம் என்று வகுப்பில் சொல்லுவோம். ஆனால் அவர்கள் அருகில் அமர்ந்திருந்தனர் என்பதையும் அத்துடன் சொல்ல வேண்டும்.

அடுத்த படியை எடுத்தவர் நியூசிலாந்தில் பிறந்த இயன் ஃபாலூன். அவரும் தோழரும் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நோயாளியின் வீட்டிற்கே சென்று, வீட்டார் அனைவரையும் ஒன்றாக அமரச் செய்து, பேசப் பயிற்றினர். மருந்து இரு பிரிவினருக்கும் உண்டு. 1982-இல் வெளியான முடிவின்படி, வீட்டார் பயிற்சி பெற்ற பதினெண்மருள் ஒருவரும், தனியே ஆலோசனை பெற்ற பதினெண்மருள் எண்மரும் ஒன்பது மாதங்களில் மீண்டும் நோயுற்றனர். சிறிய ஆய்வே, ஆயினும் அதன் பின் பல நாடுகளில் நடந்தவை அதே திசையையே காட்டின.

அப்பயிற்சியில் மறைபொருள் ஏதும் இல்லை. முதலில் நோய் யாது, மருந்து என்ன செய்யும், மீளும் நோயின் முன்குறிகள் எவை என வீட்டார்க்கு விளக்கப்படும். நோயுற்றவனும் உடனிருந்து தன் அனுபவத்தைச் சொல்லுவான். பின்னர் நான்கு பழக்கங்கள் கற்பிக்கப்படும்: செய்த நன்மையைக் கண்டு சொல்லுதல், வேண்டியதைத் தெளிவாகக் கேட்டல், மனவருத்தத்தைப் பழி தூற்றாமல் தெரிவித்தல், பிறர் சொல்லுவதை முடியும்வரை கேட்டல். அதன்பின் குடும்பச் சிக்கல் ஒன்றை எடுத்து, எல்லாரும் வழிகளைக் கூறி, ஒன்றைத் தேர்ந்து, செய்து பார்க்கும் முறை. இவை அனைத்தும் சொல்லிக் கொடுக்கப்படுவதோடு அமையாது. வீட்டார் அங்கேயே பேசிப் பழகுவர், பயிற்றுநர் திருத்துவர், அடுத்த வாரம் வரை வீட்டுப் பாடமும் உண்டு.

வெள்ளிமலைப் பக்கத்து வீடு ஒன்றில் இது எவ்வாறு ஒலிக்கும் என்று நினைத்துப் பார்ப்போம். பகல் பத்து மணிக்கும் எழாத மகனை நோக்கி, "எந்நேரமும் படுத்தே கெடக்கிறியே, உன் வயசுப் பசங்க குடகுக்குப் போயி சம்பாதிக்குதுங்க, நீ யாருக்குடா பொறந்த?" என்கிறாள் தாய். இதில் வேண்டுகோள் யாது? ஒன்றும் இல்லை. அவன் செய்யத்தக்கது எதுவும் அதில் சொல்லப்படவில்லை. கேட்ட குரல்களோடு இன்னொரு குரலும் சேர்ந்தது. பயிற்சி பெற்றவள், "தம்பி, வெயில் ஏறுறதுக்குள்ள ஆட்டை அவுத்து விடணும், எந்திரிச்சு ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டு எங்கூட வரியா?" என்பாள். ஒரு செயல், ஒரு நேரம், ஒரு துணை. வருத்தமும் மறைக்கப்பட வேண்டியதில்லை: "ராத்திரி நீ வெளிய போனப்ப எனக்குப் பயமாப் போச்சு, போறப்ப என்னைய எழுப்பிச் சொல்லிட்டுப் போ" என்று சொல்லலாம். சோற்றில் நஞ்சு என்பவனிடம் வாதிடுதலும் பயனற்றது, ஒப்புக்கொள்ளுதலும் பொய். "அப்படித் தோணுனா பயமாத்தான் இருக்கும். எனக்கு அப்படித் தெரியல. வா, ரெண்டு பேரும் ஒரே சட்டியில போட்டுத் திம்போம்" என்னும் தாய், அவன் அச்சத்தை மதித்தாள், உண்மையையும் விடவில்லை.

ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸில் வகுத்ததை அப்படியே மலைக்குக் கொண்டுவருதல் இயலாது. நம்மவர் பிள்ளையை முகத்துக்கு நேரே புகழார். கண்ணேறு படும் என்று அஞ்சுவர். ஆகவே நன்மையைக் கண்டு சொல்லுதல் என்னும் முதற்பழக்கமே இங்கு இடறுகிறது. "நீ தண்ணி எடுத்தாந்தது எனக்கு ஒத்தாசையா இருந்துச்சு" என்று பயனைச் சொல்லும் வடிவில் அது எளிதில் வாயில் வரும். வளர்ந்த மகனும் தந்தையும் நேருக்கு நேர் பேசாது, தாய் வழியாகவே செய்தி அனுப்பும் வீடுகள் பல. அத்தகைய வீட்டில் அனைவரையும் வட்டமாக அமர்த்திப் பேசச் சொன்னால் எவரும் வாய் திறவார். தாயையும் மகனையும் முதலில் பயிற்றி, தந்தைக்குத் திண்ணையில் தனியே சொல்லி, பின்னரே ஒன்றுசேர்க்க வேண்டும். பெரியப்பாவும் தாய்மாமனும் சொல்லுக்கு மதிப்புடையவராயின் அவர்களும் வேண்டும். கடிந்து பேசுவோர் அவர்களே என்பதும் உண்டு.

நோயின் தொடக்கத்திலேயே இவற்றைச் செய்ய வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது 1990-களில். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பேட்ரிக் மெகாரி என்பவர் தலைமையில் 1992-இல் இளைஞர்க்கெனத் தொடக்கநிலை உளப்பிறழ்வு நிலையம் எழுந்தது. நோய் தோன்றியதற்கும் மருத்துவம் தொடங்கியதற்கும் இடையே நாள் நீள நீளத் தேறுதல் கடினமாகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டது. நோய் முற்றுமுன்னரே, அதன் சாயல் மட்டும் தோன்றிய இளைஞரின் குடும்பங்களுக்கு ஆறு மாதங்களில் 18 அமர்வுகளாகப் பேச்சுப் பயிற்சி அளித்து, வட அமெரிக்காவில் மிக்லோவிட்ஸ் குழுவினர் 129 இளைஞரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. வீட்டார் பேச்சு மாறுவதையும் அக்குழுவினர் அளந்து காட்டினர்.

தமிழகத்தில் இப்பணிக்கு வேரூன்றியவர் டாக்டர் சாரதா மேனன் அம்மையார். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் அரசு மனநோய் மருத்துவமனையின் தலைமையை வகித்து, ஓய்வுக்குப் பின் 1984-இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார், 2021-இல் காலமானார். சென்னையிலே முதன்முறை நோயுற்ற 90 பேரை 1981 முதல் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அண்மையில் ஸ்கார்ஃப் நிறுவனமும் கனடாவின் மான்ட்ரியால் நகர நிலையமும் ஒரே முறையில் இரண்டாண்டு மருத்துவம் அளித்து ஒப்பிட்டன. சென்னையில் 168 பேர், மான்ட்ரியாலில் 165 பேர். 2020-இல் வெளியான முடிவுகளின்படி, ஊக்கமும் பேச்சும் குன்றிப்போகும் குறிகளில் சென்னை இளைஞர் மிகுதியும் தேறினர். சிகிச்சையை இடையில் விட்டவரும் சென்னையில் குறைவு. குடும்பத்தார் நிலையத்தோடு கொண்ட தொடர்போ சென்னையில் மிகுதி. வித்யா சாகரின் கூடாரங்களை எண்ணிப் பார்ப்பவர்க்கு இம்முடிவு வியப்பளிக்காது.

நம் நோக்கத்திற்கு இதனினும் நெருங்கியது, கோவாவிலும் மராட்டியத்துச் சதாராவிலும் தமிழகத்துக் காஞ்சிபுரம் பகுதிச் சிற்றூர்களிலும் நடந்து 2014-இல் வெளியான ஆய்வாகும். மனச்சிதைவுற்ற 282 பேர் அதில் பங்குபெற்றனர். மருத்துவர் மருந்து கொடுக்க, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீடு வீடாகச் சென்று நோயாளிக்கும் வீட்டார்க்கும் ஓராண்டு துணைநின்றனர். அவர்கள் பள்ளிப் படிப்பு முடித்தவரேயன்றி மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். மூன்று இடங்களுள் சிற்றூர்ப் பகுதியான காஞ்சிபுரத்தில் பயன் தெளிவாகக் காணப்பட்டது. காஞ்சிபுரத்துச் சிற்றூரில் இயன்றது கல்வராயன் மலையில் இயலாது என்பதற்குத் தூரம் தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

திருச்சபையின் கணக்கையும் இங்கே பார்த்தாக வேண்டும். நோயுற்றோரைக் குடும்பங்களில் ஏற்றுப் பேணும் வழக்கம் பெல்ஜியத்துக் கீல் நகரில் புனித திம்ப்னா ஆலயத்தைச் சார்ந்து இடைக்காலத்திலேயே தொடங்கி இன்றளவும் தொடர்கிறது. இங்கிலாந்தின் யார்க் நகரில் நண்பர் சபையார் 1796-இல் திறந்த இல்லத்தில் சங்கிலிக்கு மாற்றாகக் கனிந்த பேச்சு வைக்கப்பட்டது. இவை நமக்குரிய மரபுகள். ஆயினும் 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் காப்பிடம் ஒன்றில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் 28 பேர் தீயில் மாண்டனர் என்ற செய்தியை அயலார் செய்தியாக மட்டும் நாம் வாசிக்க இயலாது. ஜெப வீடுகளின் தூண்களிலும் சங்கிலிகள் கட்டப்பட்டிருந்ததைத் தமிழ்நாட்டுக் கிறித்தவர் அறிவர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகைச் சங்கிலியையும் விலக்கியுள்ளது.

மாற்கு ஐந்தாம் அதிகாரத்துக் கதரேனர் நாட்டு மனிதனைப் பேய் ஓட்டுதலுக்கு எடுத்துக்காட்டாகவே பெரும்பாலும் பிரசங்கிக்கிறோம். அவன் பல முறை சங்கிலிகளால் கட்டப்பட்டவன் என்பதையும், தெளிந்தபின் உடன் வர விரும்பியவனை ஆண்டவர் அவன் வீட்டாரிடமே அனுப்பினார் என்பதையும் கடந்துவிடுகிறோம். அவ்வீட்டார் அவனிடம் என்ன பேசினர் என்பது எழுதப்படவில்லை. அதே நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில், ஆண்டவரையே மதிமயங்கினார் என எண்ணி அவர் இனத்தார் பிடித்துச் செல்ல வந்ததையும் காண்கிறோம். இப்பகுதிகளை வைத்துக்கொண்டு நோயுற்ற வீட்டிற்குச் செல்லும் போதகர் ஜெபிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஜெபிக்கட்டும், மருந்தை நிறுத்தச் சொல்லாதிருக்கட்டும், பிள்ளைக்கு முன்னால் பெற்றோரைக் கண்டிக்காதிருக்கட்டும். மேடைக் குரலில் பேசிப் பழகிய நமக்குக் குறைந்த குரலில், சிறு வாக்கியத்தில், ஒருமுறைக்கு ஒன்றாகப் பேசுதல் தனியே கற்க வேண்டிய கலை. பேச்சுப் பயிற்சி மருந்துக்கு மாற்றன்று என்பதையும் வீட்டார்க்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். தற்கொலைப் பேச்சோ பிறரைத் தாக்கும் நோக்கமோ தோன்றின் பயிற்சிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வெள்ளிமலையிலிருந்து மருத்துவமனை முன்னிருந்த அளவு தொலைவில் இப்போது இல்லை. கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாயிற்று. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010 முதல் ஒரு பேருந்தில் திரை அமைத்து, சென்னையிலுள்ள மருத்துவர் சிற்றூர் நோயாளியோடு முகம் பார்த்துப் பேச வழி செய்தது. எனினும் கச்சிராயபாளையம் வழியாக இறங்கி ஏறும் ஒரு நாள் பயணம், ஒரு நாள் கூலியின் இழப்பு. மாதந்தோறும் அதனைத் தாங்க இயலாத குடும்பம் மூன்றாம் மாதமே மருந்தை விட்டுவிடுகிறது. பேருந்துக் கட்டணத்திற்குச் சபை நிதியில் ஓர் இடம் ஒதுக்குதலும் இப்பயிற்சியின் பகுதியே.

நம் மாணவர் கிராமப் பயிற்சிக்கு மலைக்குச் செல்லுகின்றனர். ஓய்வுநாள் பள்ளியும் தெருப் பிரசங்கமும் நடத்துகின்றனர். செல்லுமுன் மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவரிடம் சில நாள் அமர்ந்து முன்குறிகளை அறியவும், மேற்கூறிய நான்கு பழக்கங்களைத் தமக்குள் பேசிப் பழகவும் அவர்களுக்கு வாய்ப்பளிக்க வேண்டுகிறோம். இரண்டு மூன்று குடும்பங்களைச் சேர்த்து ஆலயத் தாழ்வாரத்தில் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் அமர்ந்தால் போதும். நோயுற்றவன் பெயரை அறிவிப்பில் வாசிக்காதிருத்தல் வேண்டும். காலம் குறிப்பதாயின், சாமை அறுவடை முடிந்த பின் வரும் வாரங்களே ஏற்றவை; அப்போதுதான் தந்தைமாரும் பொழுது சாயுமுன் வீட்டிலிருப்பர்.